ஒரே ஞானஸ்நானம், ஏன் இத்தனை பலகை?

வேதபாடம்

வாசிக்க வேண்டிய பகுதிகள்: யோவான் 17:20-26, 1 கொரிந்தியர் 1:10-17, எபேசியர் 4:1-6



இந்த முறை நம்முடைய பாடம் பாப்டிஸ்ட் சபைகளின் பிரிவினைகளைப் பற்றியது. "நாம பெந்தெகொஸ்தேகாரங்க, அவங்க கதை நமக்கு எதுக்கு பிரதர்?" என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. விசுவாசித்தவனுக்கே ஞானஸ்நானம், அதுவும் முழுக்கு ஞானஸ்நானம் என்று இன்றைக்கு நாம் தைரியமாகப் பிரசங்கிக்கிறோம். இந்தச் சத்தியத்தைப் பிடித்ததற்காக 17-ம் நூற்றாண்டிலே இங்கிலாந்தில் சிறைச்சாலைக்குப் போனவர்கள் அந்த ஜனங்கள். ஒவ்வொரு சபையும் கர்த்தருக்குக் கீழே தன்னைத் தானே நடத்திக்கொள்ளும் என்பது அவர்களுடைய முறை. நம்மில் அநேக சபைகளுக்கும் அதே முறைதான். இரத்த சம்பந்தம் இருந்தால் அண்ணனுக்கு வந்த வியாதி தம்பிக்கும் வரலாம். அண்ணன் எங்கே விழுந்தான், எப்படி எழுந்தான் என்று தம்பி தெரிந்துகொள்வது நல்லது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தகப்பனுடைய நிர்வாணத்தைக் கண்டு வெளியே போய்ச் சொன்ன காமைப் போல (ஆதியாகமம் 9:22) நாம் இதைப் படிக்கக்கூடாது. பயத்தோடு படிக்க வேண்டும். ஏனென்றால் இது கர்த்தருடைய ஜனத்தின் கதை.

ஒரே வேதாகமம், ஒரே இரட்சகர், ஒரே முழுக்கு ஞானஸ்நானம். அப்படியிருக்க ஏன் இத்தனை ஸ்தாபனங்கள், இத்தனை பெயர்ப்பலகைகள்? இதற்கு நாம் வழக்கமாகச் சொல்லும் பதில், "பிசாசானவன் பிரிச்சுட்டான்" என்பது. அது உண்மைதான். ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் ஒன்றும் கற்றுக்கொள்ள மாட்டோம். காய்ச்சல் என்று வந்தவருக்கு எல்லாம் ஒரே மாத்திரையைக் கொடுக்கிற வைத்தியர் உண்டா? மலேரியாவா, டைபாய்டா என்று பார்த்துத்தானே மருந்து கொடுப்பார்? பிரிவினையும் அப்படித்தான். உபதேசத்தால் வருகிற பிரிவு ஒன்று. சொத்தாலும் சந்தேகத்தாலும் வருவது ஒன்று. பாவத்தை மூடி வைப்பதால் வருவது ஒன்று. நாற்காலியால் வருவது ஒன்று. வேர் எது என்று பாராமல் "ஐக்கியம், ஐக்கியம்" என்று கூவினால் புண் ஆறாது, மேலே தோல் மூடும், உள்ளே சீழ் இருக்கும்.

இந்த நான்கையும் பாப்டிஸ்ட் சரித்திரத்திலிருந்தே பார்ப்போம்.

1. உபதேசத்தால் வந்த பிரிவு

1609-ல் ஆம்ஸ்டர்டாமில் ஜான் ஸ்மித் என்கிற இங்கிலாந்து தேசத்து ஊழியரும் அவரோடு இருந்தவர்களும் விசுவாசிகளின் ஞானஸ்நானத்தை ஏற்றுக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான தாமஸ் ஹெல்விஸ் திரும்பி வந்து 1612-ல் லண்டனில் சபையை ஏற்படுத்தினார். கிறிஸ்து எல்லா மனுஷருக்காகவும் மரித்தார் என்று இவர்கள் போதித்தார்கள். இவர்களுக்கு ஜெனரல் பாப்டிஸ்ட் என்று பெயர். 1630-களில் வேறொரு கூட்டம் எழும்பியது. தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்காகவே கிறிஸ்து மரித்தார் என்பது அவர்களுடைய உபதேசம். அவர்களுக்குப் பர்டிகுலர் பாப்டிஸ்ட் என்று பெயர். இரண்டு கூட்டமும் விசுவாசிகளுக்கே ஞானஸ்நானம் கொடுத்தது. ஆனால் சேர்ந்து உட்காரவில்லை.

இந்த இரண்டும் இங்கிலாந்தில் முறையாக ஒன்றுசேர்ந்தது எப்போது தெரியுமா? 1891-ல். 250 வருஷத்துக்கு மேல்!

எப்படிச் சேர்ந்தார்கள்? ஒரு பக்கத்தார் வாதத்தில் ஜெயித்து மறுபக்கத்தாரை மடக்கியதால் அல்ல. 1785-ல் ஆண்ட்ரூ ஃபுல்லர் என்கிற பர்டிகுலர் பாப்டிஸ்ட் போதகர் ஒரு புத்தகம் எழுதினார். தெரிந்துகொள்ளுதலை நம்புகிறவனும் எல்லாரையும் கிறிஸ்துவண்டைக்கு அழைக்கத்தான் வேண்டும் என்று அதில் வாதாடினார். அப்போது கதவு கொஞ்சம் திறந்தது. பிறகு ஊழியம் வந்தது. ஜெனரல் பாப்டிஸ்ட் மிஷனெரிகள் 1822-ல் ஒரிசாவிலுள்ள கட்டாக்குக்கு வந்தபோது அவர்களுக்குக் கிடைத்த ஒரியா வேதப்புத்தகங்கள் பர்டிகுலர் பாப்டிஸ்ட்டாகிய வில்லியம் கேரியின் செராம்பூர் அச்சகத்தில் அச்சானவை. ஒரு பக்கத்தார் அச்சடித்ததை மறுபக்கத்தார் விதைத்தார்கள். வயலில் கூட வேலை செய்தவர்கள் வீட்டிலும் கூட உட்கார ஒருநாள் வந்துதான் தீரும்.

மருந்து: உபதேச வித்தியாசத்துக்கு மருந்து பொறுமையும், சேர்ந்து செய்யும் வேலையும். இரட்சிப்பின் அஸ்திபாரத்தை மறுக்கிறவனோடு ஐக்கியம் இல்லை, அது வேறு விஷயம். ஆனால் அஸ்திபாரத்தின்மேல் நிற்கிற சகோதரன் ஒரு வசனத்தை வேறுவிதமாய் விளங்கிக்கொண்டால், அவனைத் தள்ளிவிட நமக்கு அதிகாரம் இல்லை. ரோமர் 14-ம் அதிகாரத்தை வாசியுங்கள். மற்றவனுடைய வேலைக்காரனை நியாயந்தீர்க்க நீ யார் என்று பவுல் அங்கே கேட்கிறார்.

2. சொத்தாலும் சந்தேகத்தாலும் வந்த பிரிவு

இப்போது அதே செராம்பூருக்குள்ளே போவோம். இந்தப் பகுதியை நிதானமாய்ப் படியுங்கள்.

1792 அக்டோபர் 2-ம் தேதி இங்கிலாந்தில் கெட்டரிங் என்கிற ஊரில், ஒரு விதவையின் வீட்டில், சில போதகர்கள் கூடி மிஷனெரி சங்கத்தை ஆரம்பித்தார்கள். அன்றைக்குச் சேர்ந்த காணிக்கை வாக்கு 13 பவுன் 2 ஷில்லிங் 6 பென்ஸ். அவ்வளவுதான்! அந்தச் சங்கம்தான் செருப்புத் தைத்துப் பிழைத்த வில்லியம் கேரியை இந்தியாவுக்கு அனுப்பியது. ஆழமான சுரங்கத்துக்குள் ஒருவனை இறக்குவது போல அந்த வேலையை அவர்கள் நினைத்தார்கள். கேரி கீழே இறங்குவார். ஃபுல்லரும் நண்பர்களும் மேலே நின்று கயிற்றை விடாமல் பிடிப்பார்கள். அதுதான் அவர்களுக்குள் இருந்த ஒப்பந்தம்.

கேரி 1793-ல் கல்கத்தாவுக்கு வந்தார். 1799-ல் யோசுவா மார்ஷ்மனும் வில்லியம் வார்டும் வந்தார்கள். 1800-ல் டென்மார்க் ஆட்சிக்குட்பட்ட செராம்பூரில் மூவரும் ஒரே குடும்பமாய் வாழத் தொடங்கினார்கள். கேரி கல்லூரியில் மொழி கற்பித்தார். மார்ஷ்மனும் அவர் மனைவி ஹன்னாளும் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். வார்டு அச்சகத்தைப் பார்த்துக்கொண்டார். சம்பாதித்ததெல்லாம் பொதுப்பணத்துக்குப் போயிற்று. செலவுக்கு ஒரு சிறு தொகை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அப்போஸ்தலர் 2:44-ஐ அப்படியே வாழ்ந்து காட்டினார்கள் என்று சொல்லலாம். அந்தப் பணத்தில் நிலம் வாங்கினார்கள், கட்டடம் கட்டினார்கள், பல மொழிகளில் வேதாகமம் அச்சிட்டார்கள்.

ஃபுல்லர் 1815-ல் மரித்தார். கேரியை முகமுகமாய் அறிந்தவர்கள் ஒவ்வொருவராய்க் கடந்துபோனார்கள். அவர்களுடைய இடத்தில் புதியவர்கள் உட்கார்ந்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. ஆனால் கேரியை அவர்களுக்குக் கடிதத்தில்தான் தெரியும். "செராம்பூர் சொத்து யார் பேரில் இருக்கு? அதை யார் நிர்வகிக்கிறது?" என்று கேட்டார்கள். கேட்பது தவறா? தவறில்லை. கர்த்தருடைய பணத்துக்குக் கணக்கு கேட்பது நியாயம்தான். ஆனால் செராம்பூரில் இருந்தவர்களுக்கு அது வேறுவிதமாய்க் கேட்டது. "நாங்க வேர்வை சிந்திச் சம்பாதிச்சு, எங்களுக்குன்னு வைக்காம மிஷனுக்கே கொடுத்தோம். எங்களையா சந்தேகப்படுறீங்க?" என்று அவர்கள் மனம் நொந்தது.

கணக்கு கேட்டவருக்கு ஒரு நியாயம் இருந்தது, மனம் நொந்தவருக்கும் ஒரு நியாயம் இருந்தது. சகோதரரே, பெரும்பாலான சபைச் சண்டைகளில் இப்படித்தான் இருக்கும். நூற்றுக்கு நூறு ஒரே பக்கம் நியாயம் இருக்கிற சண்டை அபூர்வம்.

புதிதாய் வந்த இளம் மிஷனெரிகள் மூத்தவர்களோடு ஒத்துப்போகாமல் கல்கத்தாவுக்குப் பிரிந்து போய்த் தனி ஊழியம் ஆரம்பித்தார்கள். அவர்களில் ஒருவர் கேரியின் சொந்த அண்ணன் தம்பி வழிப் பிள்ளையாகிய யூஸ்டஸ் கேரி. ஒரே ஹூக்ளி நதியோரத்தில் ஒரே ஸ்தாபனத்தின் இரண்டு மிஷன். இங்கிலாந்தில் இரண்டு பக்கத்தாரும் ஒருவருக்கு விரோதமாய் ஒருவர் துண்டுப்புத்தகங்கள் அச்சிட்டார்கள். சுவிசேஷத்தை அச்சிட வேண்டிய மை எதற்குப் போயிற்று பாருங்கள்!

1823-ல் வார்டு மரித்தார். 1827-ல் செராம்பூரும் சங்கமும் முற்றிலும் பிரிந்தன. அதே 1827-ல்தான் செராம்பூர் கல்லூரிக்கு டென்மார்க் ராஜா பட்டம் வழங்கும் சாசனத்தைக் கொடுத்தார். இன்றைக்குத் தமிழ்நாட்டு இறையியல் கல்லூரிகள் பலவற்றின் பட்டங்கள் செராம்பூர் என்கிற பெயரில் வருவது இதனால்தான். வெளியே கனம் கூடிய அதே வருஷத்தில் உள்ளே வீடு இரண்டாயிற்று.

1834 ஜூன் 9-ம் தேதி கேரி நித்திரையடைந்தார். தன்னை அனுப்பிய சங்கத்தோடு செராம்பூர் மறுபடி இணைவதை அவர் கண்ணால் காணவில்லை. 1837-ன் முடிவில் லண்டனில் ஒருவழியாக உடன்பாடு உண்டாயிற்று. அந்த நாட்களில் செய்தி கப்பலில்தான் வர வேண்டும். அது வந்து சேருமுன்னே, 1837 டிசம்பர் 5-ம் தேதி மார்ஷ்மனும் செராம்பூரில் கண்மூடினார்.

மூன்று பேரில் ஒருவருக்கும் சமாதானச் செய்தி கேட்கக் கொடுத்து வைக்கவில்லை. சங்கத்தார் கையை நீட்டினார்கள், பற்றிக்கொள்ள அந்த மூவரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

பிரியமானவர்களே, "சமாதானம் ஆகலாம், கொஞ்ச நாள் போகட்டும், அவரே வரட்டும்" என்று தள்ளிப்போடுகிறோமே. அவர் வருவாரா, அவருடைய பிரேதப்பெட்டி வருமா என்று நமக்குத் தெரியுமா? பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டு முதலாவது போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று ஆண்டவர் சொன்னது (மத்தேயு 5:23,24) அவசர வேலை என்பதால்தான்.

மருந்து: சொத்தால் வந்த பிரிவுக்கு மருந்து வெளிச்சம். எருசலேம் சபையில் விதவைகளின் பந்தி விசாரிப்பில் முறுமுறுப்பு எழும்பியபோது அப்போஸ்தலர்கள் "எங்களையா சந்தேகப்படுறீங்க?" என்று கோபப்படவில்லை. நற்சாட்சி பெற்ற ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள் (அப்போஸ்தலர் 6:1-6). அந்த ஏழு பெயரையும் பாருங்கள், எல்லாம் கிரேக்கப் பெயர். முறுமுறுத்தவர்களுடைய பக்கத்தாரிடமே பொறுப்பு போயிற்று என்று வேத பண்டிதர் பலர் சொல்லுகிறார்கள். அடுத்த வசனத்தில் என்ன? தேவவசனம் விருத்தியடைந்தது. கணக்கு வெளிச்சத்தில் இருந்தால் எழுப்புதல் வரும்.

3. பாவத்தை மூடி வைத்ததால் வந்த பிரிவு

இனி அமெரிக்காவுக்குப் போவோம். 1814 மே மாதம் பிலதெல்பியாவில் 33 பிரதிநிதிகள் கூடி, பர்மாவில் ஊழியம் செய்த அதோனிராம் ஜட்சனைத் தாங்குவதற்காக ஒரு பொதுச்சங்கத்தை ஆரம்பித்தார்கள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கூடியதால் அதற்கு ட்ரையென்னியல் கன்வென்ஷன் என்று பெயர். வடக்கும் தெற்கும் சேர்ந்திருந்தது. எவ்வளவு நல்ல நோக்கம் பாருங்கள்!

ஆனால் வீட்டுக்குள் ஒரு பாவம் படுத்திருந்தது. அடிமைத்தனம். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட மனுஷரை, அவர்கள் பிள்ளைகளை, மாடு போல விற்றார்கள், வாங்கினார்கள். விற்றவர்களில், வாங்கினவர்களில், ஞானஸ்நானம் பெற்றவர்கள் உண்டு, போதகர்களும் உண்டு. அந்தப் பொதுச்சங்கத்தின் முதல் தலைவராயிருந்த ரிச்சர்ட் ஃபர்மன், 1822-ல் தென் கரோலினா கவர்னருக்கு எழுதிய கடிதத்தில் அடிமைத்தனத்துக்கு வேதத்திலேயே ஆதரவு உண்டு என்று வாதாடினார்.

சங்கம் என்ன செய்தது? "நாம மிஷனெரி வேலைக்காகக் கூடியிருக்கோம், இதைப் பேசினால் ஐக்கியம் கெட்டுப்போகும்" என்று நடுநிலை வகித்தது. 1844-ல் பிலதெல்பியாவில் கூடியபோதும் அடிமைத்தனத்தை ஆதரிக்கவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை என்ற விதமாகவே தீர்மானம் செய்தார்கள். ஆனால் பாவத்தைக் குறித்து நடுநிலை வகித்துக் காத்துக்கொள்கிற ஐக்கியம் எத்தனை நாள் நிற்கும்?

ஒரு வருஷம்கூட நிற்கவில்லை. 1844-ல் ஜார்ஜியா மாநிலத்தார் அடிமைகளை வைத்திருந்த ஜேம்ஸ் ரீவ் என்பவரை உள்நாட்டு மிஷனெரியாக அனுப்பக் கேட்டார்கள். உள்நாட்டு மிஷன் சங்கம் ஏற்கவில்லை. அலபாமா மாநிலத்தார் பாஸ்டனில் இருந்த அயல்நாட்டு மிஷன் குழுவிடம் நேரடியாகக் கேள்வி எழுப்பினார்கள். அடிமைகளைச் சொத்தாக வைத்திருக்கிறவரை நியமிக்க முடியாது என்று பதில் வந்தது. 1845 மே மாதம் ஜார்ஜியாவிலுள்ள அகஸ்டா நகரில் தெற்கத்தியார் கூடி சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷனை ஏற்படுத்தினார்கள். பர்மாவில் ஆத்தும ஆதாயம் செய்வதற்காகச் சேர்ந்தவர்கள், தங்கள் சொந்த வயலில் வேலை செய்த ஆத்துமாவை விலைபேசியதால் பிரிந்தார்கள்.

இந்தப் பிரிவில் யார் அழுதார்கள்? கன்வென்ஷனில் உட்கார்ந்திருந்தவர்களைவிட, ஆலயத்தின் மேல்மாடியில் தனியே உட்கார வைக்கப்பட்ட கறுப்பின விசுவாசிகள்தான். அவர்களுக்கு ஓட்டும் இல்லை, பேச்சும் இல்லை. 1865-ல் உள்நாட்டு யுத்தம் முடிந்து விடுதலையானபின் அவர்கள் கூட்டங்கூட்டமாய் வெளியேறித் தங்கள் சபைகளைக் கட்டினார்கள். அந்த வெளியேற்றத்தைப் "பிரிவினை ஆவி" என்று யார் சொல்ல முடியும்? தன்னை மனுஷனாகவே எண்ணாத வீட்டிலிருந்து ஒருவன் வெளியே வந்தால், வீட்டைப் பிரித்தது அவனா, வீட்டுக்காரனா?

150 வருஷம் சென்றது. 1995 ஜூன் மாதம் அட்லாண்டாவில் கூடிய சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷன், தங்கள் ஸ்தாபனம் உண்டானதில் அடிமைத்தனத்துக்குப் பங்கு இருந்தது என்று ஒத்துக்கொண்டு, ஆப்பிரிக்க அமெரிக்கரிடம் மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. 2012-ல் நியூ ஆர்லியன்ஸில் ஃப்ரெட் லூட்டர் என்கிற கறுப்பினப் போதகரை முதன்முறையாகத் தலைவராய்த் தெரிந்தெடுத்தார்கள். 2018-ல் லூயிவில் நகரிலுள்ள அவர்களுடைய மூத்த இறையியல் கல்லூரி தன் சரித்திரத்தைத் தானே ஆராய்ந்து, கல்லூரியை ஆரம்பித்த நான்கு ஆசிரியர்களும் சேர்ந்து 50-க்கும் அதிகமான அடிமைகளை வைத்திருந்தார்கள் என்று வெளிப்படையாக அச்சிட்டது.

இதை வாசித்துவிட்டு "150 வருஷம் கழிச்சு மன்னிப்புக் கேட்டு என்ன பிரயோஜனம்? அடிமையும் இல்லை, எஜமானும் இல்லை" என்று சொல்லத் தோன்றும். நெகேமியாவைப் பாருங்கள். தானும் தன் தகப்பன் வீட்டாரும் செய்த பாவத்தை அவன் அறிக்கை செய்தான் (நெகேமியா 1:6). தகப்பன் செய்த பாவத்தின் லாபத்தில் பிள்ளை உட்கார்ந்திருக்கும்போது, "நான் செய்யலையே" என்று தப்பித்துக்கொள்ள முடியாது. தாமதமான அறிக்கையும் அறிக்கைதான். ஆனால் தாமதத்துக்கு விலை உண்டு. 1845-ல் பிரிந்த வடக்கும் தெற்கும் இன்றுவரை ஒரே சங்கமாகவில்லை. அடிமைத்தனத்தின் பேரில் 1844-ல் பிரிந்த அமெரிக்க மெதடிஸ்டுகள் 1939-ல் சேர்ந்தார்கள். யுத்த காலத்தில் பிரிந்த பிரெஸ்பிட்டேரியன்கள் 1983-ல் சேர்ந்தார்கள். பாப்டிஸ்டுகள் சேரவில்லை.

மருந்து: பாவத்தால் வந்த பிரிவுக்கு மருந்து மனந்திரும்புதல் மாத்திரமே. கைகுலுக்குவது போதாது, கூட்டு ஆராதனை போதாது. சகேயு வெறுமனே "சாரி" சொல்லவில்லை, நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்றான் (லூக்கா 19:8). பவுல் பிலேமோனிடம் ஒநேசிமுவை அடிமையாக அல்ல, பிரியமான சகோதரனாக ஏற்றுக்கொள்ளச் சொன்னார் (பிலேமோன் 16). அங்கேதான் ஐக்கியம் ஆரம்பிக்கிறது.

நம் தேசத்துச் சபைகளில் இதற்கு இணையான பாவம் எது என்று நான் விளக்கத் தேவையில்லை. கல்லறைத் தோட்டத்தில் சுவர் எழுப்பினது யார், கலியாணப் பேச்சு வரும்போது "அவங்க எந்த ஆளுங்க?" என்று கேட்பது யார் என்று அவரவர் இருதயத்தைக் கேட்டுப் பாருங்கள்.

4. நாற்காலியால் வந்த பிரிவு

விடுதலையான கறுப்பினப் பாப்டிஸ்டுகள் 1895-ல் அட்லாண்டாவில் நேஷனல் பாப்டிஸ்ட் கன்வென்ஷனை ஏற்படுத்தினார்கள். கண்ணீரின் பிள்ளையாய்ப் பிறந்த சங்கம். ஆனால் 20 வருஷத்துக்குள், 1915-ல், நாஷ்வில் நகரிலிருந்த புத்தக வெளியீட்டகம் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கில் அது இரண்டானது.

பெரிய பிரிவு 1961-ல் வந்தது. ஜோசப் ஜாக்சன் 1953 முதல் தலைவராயிருந்தார். தலைவர் பதவிக்கு இத்தனை வருஷம்தான் என்று காலவரம்பு இருக்க வேண்டும் என்றார்கள் ஒரு பக்கத்தார். அதோடு, நிறவெறிச் சட்டங்களுக்கு எதிராகத் தெருவில் இறங்கிப் போராடுவதை ஜாக்சன் விரும்பவில்லை. மார்ட்டின் லூதர் கிங்கும், கார்ட்னர் டெய்லர் என்ற பிரசங்கியும் மறுபக்கம் நின்றார்கள். அந்த வருஷம் செப்டம்பரில் கான்சாஸ் சிட்டியில் நடந்த மாநாட்டில் மேடையில் தள்ளுமுள்ளு உண்டாகி, ஒரு போதகர் கீழே விழுந்து, பிறகு மரித்தே போனார். தேவ ஊழியர்களின் மாநாட்டு மேடையில்! நவம்பரில் சின்சினாட்டி நகரில் ப்ரொக்ரசிவ் நேஷனல் பாப்டிஸ்ட் கன்வென்ஷன் பிறந்தது. ஜாக்சன் 1982 வரைக்கும் தலைவராயிருந்தார். மொத்தம் 29 வருஷம்.

இதில் கொள்கையும் இருந்தது, நாற்காலியும் இருந்தது. இரண்டும் கலந்துவிட்டால் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். ஒரே மனுஷன் ஒரே நாற்காலியில் நெடுங்காலம் உட்கார்ந்தால், கொள்கையைப் பேச வேறு வாசல் இல்லாமல் போய்விடும். வாசல் இல்லாத வீட்டில் இருக்கிறவன் சுவரை இடித்துக்கொண்டுதான் வெளியே வருவான்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2005 ஜனவரியில், இப்படிப் பிரிந்துபோன நான்கு கறுப்பினப் பாப்டிஸ்ட் சங்கங்களும் நாஷ்வில் நகரிலே ஒன்றாய்க் கூடின. 90 வருஷத்துக்கு முன் எந்த ஊரில் இருந்த அச்சகத்துக்காக உடைந்தார்களோ, அதே ஊரில் கூடினார்கள். ஒரே ஸ்தாபனமாகவில்லை. ஆனாலும் ஒரே கூரையின்கீழ் ஜெபித்தார்கள், சேர்ந்து செய்ய வேண்டியவற்றைப் பேசினார்கள்.

மருந்து: நாற்காலியால் வந்த பிரிவுக்கு மருந்து இறங்குதல். ஆபிரகாம் மூத்தவன், வாக்குத்தத்தம் பெற்றவன். ஆனால் மேய்ப்பர்களுக்குள்ளே சண்டை வந்தபோது, "நீ முதலில் தெரிந்துகொள்" என்று லோத்துவுக்கு விட்டுக்கொடுத்தான் (ஆதியாகமம் 13:8,9). உரிமை இருந்தும் விட்டுக்கொடுத்தவனுக்குக் கர்த்தர் அடுத்த வசனங்களிலே நான்கு திசையையும் காட்டினார்.

மெய்யான ஐக்கியம் எது?

பலகைகளையெல்லாம் கழற்றிவிட்டு ஒரே பலகை மாட்டுவதா ஐக்கியம்? பாப்டிஸ்ட் முறையில் அது நடக்கவும் நடக்காது. ஒவ்வொரு சபையும் சுயாதீனமானது. மேலே இருந்து "சேருங்கள்" என்று கட்டளையிட பிஷப் இல்லை. அது அவர்களுடைய பலம், அதுவே பலவீனம். கட்டளையிட ஆள் இல்லாத இடத்தில் ஐக்கியம் வர வேண்டுமானால், ஒவ்வொருவரும் மனதார விரும்பினால் மட்டுமே வரும். நம் நிலையும் அதுதான்.

1905-ல் லண்டனில் பாப்டிஸ்ட் உலகக் கூட்டணி உண்டானது. பல தேசத்துச் சபைகள், தங்கள் சுயாதீனத்தை விடாமல், ஒருவருக்கொருவர் உதவ அதில் சேர்ந்தன. 2004-ல் சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷன் அதிலிருந்து விலகியது என்பது துக்கமான செய்தி. 2008-ல் முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் முயற்சியில் அட்லாண்டாவில் வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்த 30-க்கும் மேற்பட்ட பாப்டிஸ்ட் அமைப்புகள் கூடின. ஒரு படி ஏறுகிறார்கள், ஒரு படி இறங்குகிறார்கள். ஆனாலும் படிக்கட்டைவிட்டுப் போகவில்லை.

யோவான் 17-ல் ஆண்டவர் சிலுவைக்குப் போகுமுன் எதற்காக ஜெபித்தார்? நாம் சௌகரியமாயிருப்பதற்காக அல்ல. பிதா அவரை அனுப்பினதை உலகம் விசுவாசிக்கும்படி, நாம் ஒன்றாயிருக்க வேண்டும் என்று ஜெபித்தார். அப்படியானால் நம் சண்டையைப் பார்த்துவிட்டு ஒரு ஆத்துமா ஆலய வாசலிலேயே திரும்பிப்போனால், அதற்கு யார் கணக்கு ஒப்புவிப்பது?

பவுலும் பர்னபாவும் மாற்குவினிமித்தம் கடுங்கோபங்கொண்டு பிரிந்தார்கள் (அப்போஸ்தலர் 15:39). ஆனால் கடைசிக் காலத்தில் பவுல், மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் எனக்குப் பிரயோஜனமானவன் என்று எழுதினார் (2 தீமோத்தேயு 4:11). உயிரோடிருக்கும்போதே எழுதினார், மாற்குவும் உயிரோடிருக்கும்போதே எழுதினார். செராம்பூரில் தவறிப்போனது இதுதான்.

நாம் செய்ய வேண்டியது

- நம் சபையிலோ நமக்குத் தெரிந்த சபையிலோ பிரிவு இருந்தால் முதலில் வேரைக் கண்டுபிடியுங்கள். உபதேசமா, சொத்தா, பாவமா, நாற்காலியா? சொத்துச் சண்டைக்கு உபதேசப் பெயர் சூட்டாதிருங்கள். பாவத்தைக் கண்டிக்கிறவனைப் பிரிவினைக்காரன் என்று சொல்லாதிருங்கள்.
- சபைக் கணக்கை வருஷத்துக்கு ஒருமுறையாவது எல்லாருக்கும் வாசித்துக் காட்டுங்கள். கேள்வி கேட்கிறவரை விரோதியாய்ப் பார்க்காதீர்கள். கேட்கிறவரும் அன்பாய்க் கேளுங்கள்.
- வேறு சபைக்குப் போன சகோதரனைத் தெருவில் கண்டால் ஸ்தோத்திரம் சொல்லுங்கள். அவர் வீட்டில் வியாதி என்றால் போய் ஜெபியுங்கள். மரணம் என்றால் முதல் ஆளாய் நில்லுங்கள்.
- மற்றச் சபையைப் பற்றி நம் பிரசங்க மேடையில் பரியாசம் வேண்டாம். கைதட்டு கிடைக்கும், ஆவியானவர் துக்கப்படுவார்.
- யாரோடு பேச வேண்டும் என்று ஆவியானவர் இப்போது உங்களுக்கு ஒரு பெயரைக் காட்டுகிறாரோ, அந்த நபரை இந்த வாரமே போய்ப் பாருங்கள்.

ஜெபக்குழுவில் கலந்து பேச

1. கொரிந்து சபையில் பவுலுடையவன், அப்பொல்லோவுடையவன், கேபாவுடையவன், கிறிஸ்துவுடையவன் என்று நான்கு கட்சி இருந்தது. "நான் கிறிஸ்துவுடையவன்" என்று சொன்னவர்களையும் பவுல் ஏன் அந்தப் பட்டியலில் சேர்த்தார்?

2. 1844-ல் அமெரிக்கப் பாப்டிஸ்டுகள் நடுநிலை வகித்தது சமாதானமா, கோழைத்தனமா? இரண்டுக்கும் வித்தியாசத்தை எப்படி அறிவது?

3. பிலிப்பி சபையின் எவோதியாளையும் சிந்திகேயாளையும் (பிலிப்பியர் 4:2,3) சேர்த்துவைக்கப் பவுல் ஒரு உத்தம கூட்டாளியைக் கேட்டுக்கொண்டார். நம் நடுவில் அப்படிப்பட்ட கூட்டாளி யார்?

ஜெபிப்போம்

எங்கள் பரம பிதாவே, உம்முடைய குமாரன் எங்களுக்காக ஏறெடுத்த ஜெபம் எங்களாலே தடைபடாதபடி இரங்கும். நாங்கள் மூடி வைத்ததை வெளிச்சத்துக்குக் கொண்டுவரும். பிடித்து வைத்ததை விட்டுவிடக் கிருபை தாரும். பாப்டிஸ்ட் சபைகளிலுள்ள உம்முடைய பிள்ளைகளை நினைத்தருளும். பிரிந்திருக்கிற அவர்களையும், பிரிந்திருக்கிற எங்களையும் உம்முடைய அன்பிலே கட்டியெழுப்பும். கையை நீட்ட வேண்டியவர்களுக்கு, அந்தக் கையைப் பற்றுகிறவர் உயிரோடிருக்கும்போதே பெலன் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், ஆமென்.

கர்த்தர் தாமே உங்கள் சபையையும் குடும்பத்தையும் ஆசீர்வதிப்பாராக.